தவணை குறைந்தால் கடன் குறைந்ததாகுமா?

கேள்வி: கடைகள் உள்ள ஒரு கட்டடத்தின் பேரில் வாங்கிய அடமானக் கடனில் இன்னும் 40 லட்சம் பாக்கி இருக்கிறது. வட்டி 11 சதவீதம், இன்னும் 12 வருடம் கட்ட வேண்டும். மாதத் தவணை 50,000-ஐத் தாண்டுகிறது. வேறொரு வங்கி 9.5 சதவீத வட்டிக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறது. காலத்தை 18 வருடமாக்கினால் தவணை 39,000-க்குள் வந்துவிடுமாம். மாற்றலாமா ஐயா?
– ஒரு வாசகி

பதில்: வட்டிக்காக மாற்றலாம் அம்மா. அந்த 18 வருடத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், எதிரே உட்காருபவர்களின் கண் நேராகத் தவணைத் தொகைக்குத்தான் போகும். மொத்தம் எவ்வளவு என்று கேட்டவர்கள் குறைவு. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய கடனை அப்படியே கட்டினால் 12 வருடத்தில் சுமார் 72 லட்சம் போகும். புதிய வங்கி சொல்கிற 18 வருடத்தில் 83 லட்சத்துக்கும் மேல். வட்டி ஒன்றரை சதவீதம் குறைந்தும் 11 லட்சம் கூடுதல்! அதே 9.5 சதவீதத்தில் 12 வருடத்தையே வைத்துக்கொண்டால் தவணை சுமார் 46,650. மாதம் 3,500 மிச்சம், மொத்தத்தில் 5 லட்சம்.

வாடகை தவணைக்கே போதவில்லை என்றால் அது வேறு நிலைமை. அப்போது காலத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள், ஆனால் கையில் பணம் வரும்போது அசலில் கூடுதலாகக் கட்ட அபராதம் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் செலவு. பழைய வங்கி கடனை முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் கேட்கலாம். புதிய வங்கிக்குப் பரிசீலனைக் கட்டணம், கட்டட மதிப்பீடு, வக்கீல் செலவு, பதிவுச் செலவு எல்லாம் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். மாதம் 3,500 மிச்சத்தில் அந்தப் பணம் திரும்பிவர 43 மாதம் ஆகும். மூன்று வருடத்துக்குள் கட்டடத்தை விற்கும் எண்ணம் இருந்தால் மாற்றுவதே நஷ்டம்.

9.5 கடைசிவரைக்கும் உள்ள வட்டியா, முதல் ஓரிரு வருடத்துக்கு மட்டுமா என்றும் கேளுங்கள்.

வீட்டுக் கடனில் உங்கள் சம்பளத்தைப் பார்ப்பார்கள். கடைக் கட்டடக் கடனில் கட்டடத்தின் வருமானத்தையும் துருவிப் பார்ப்பார்கள். செலவு போக வரும் வாடகை, வருடத் தவணையைப் போல் 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். உங்களுக்கு அது வருடம் சுமார் 7 லட்சம். அதனால், வாடகை ஒப்பந்தம் எதுவும் சீக்கிரம் முடிவதாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள். காலியாகப் போகிற கடையின் வாடகையை வங்கி கணக்கிலேயே எடுக்காமல் போகலாம்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை. புதிய வங்கி தரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு இப்போதைய வங்கிக்கே போய், வட்டியைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒழுங்காகத் தவணை கட்டுபவரை இழக்க வங்கிக்கு மனசு வராது. அரை சதவீதம் வித்தியாசத்துக்குள் வந்துவிட்டால் அங்கேயே இருந்துவிடலாம். பதிலை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.