ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த பெட்ரோல் காரில் ஃபியூயல் ஃபில்டரைக் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சுமா?

பீய்ச்ச நிறைய வாய்ப்பு உண்டு. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நானும் நீடாமங்கலத்தில் ஒரு பட்டறையில் தொழில் பழகியவன்தான். ராத்திரி நின்ற வண்டியில் பிரஷர் போயிருக்கும் என்ற நினைப்பில் கைவைத்து அனுபவப்பட்டிருக்கிறேன்.

எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி ஓடும்போது, பெட்ரோல் குழாயில் சுமார் 3 முதல் 4 பார் பிரஷர் இருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றே 2 பாருக்குக் கொஞ்சம் மேல்தான். சாவியை அணைத்தாலும் அந்தப் பிரஷர் உடனே போய்விடாது. அடுத்த முறை சட்டென்று ஸ்டார்ட் ஆக வேண்டுமே என்று, பம்பில் உள்ள ஒருவழி வால்வு அதைப் பல மணி நேரம் பிடித்து வைத்திருக்கும். அன்று பட்டறையில் ஃபில்டர் குழாயின் கிளிப்பை அழுத்தியதுதான் தெரியும், முழங்கை வரை நனைந்து கண்ணிலும் தெறித்துவிட்டது. கூட இருந்த பையன் அடிபம்பை அடிக்க அடிக்க, கால் மணி நேரம் கண்ணைக் கழுவினேன்.

சரி, இந்தப் பிரஷரை இறக்குவது எப்படி? என்ஜின் ஆறியிருக்கும்போது ஆரம்பியுங்கள். முதலில் டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே அடைந்த ஆவியை விடுங்கள். ஃபியூயல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். எது என்று பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே படம் இருக்கும், இல்லாவிட்டால் வண்டியின் கையேட்டில் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்றபின் இரண்டு மூன்று வினாடி செல்ஃப் அடித்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்.

பிரஷர் போனாலும் குழாயில் பெட்ரோல் மிச்சம் இருக்கும். அதனால் கண்ணாடி போட்டுக்கொண்டு, இணைப்பைச் சுற்றிப் பனியன் வேஸ்ட்டைக் கட்டி, மெதுவாகத் தளர்த்துங்கள். கீழே ஒரு தகர டப்பா வையுங்கள்.

எங்கே வைத்துச் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நம் ஊரில் பாதிப் பேர் காரைக் கீற்றுக் கொட்டகையிலோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலோதான் நிறுத்துகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போகும். கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்தால் தீப்பிடிக்க அதுவே போதும். வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மேலே மிதந்து தீயோடு பரவும், அதனால் பவுடர் தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு சட்டி மணலாவது வேண்டும்.

காமன் ரெயில் (மிக அதிகப் பிரஷரில் டீசலைப் பீய்ச்சும் முறை) உள்ள டீசல் வண்டி என்றால் இந்த முறை பொருந்தாது. அங்கே பிரஷர் ஆயிரம் பாரைத் தாண்டும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிஎன்ஜி சிலிண்டரில் சுமார் 200 பார். இரண்டையும் பழக்கப்பட்டவரிடம் விடுங்கள்.

புது ஃபில்டரை மாட்டியதும் அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்க்கிறதா என்று கவனியுங்கள். டேங்க் மூடி, ஃபியூஸ், பேட்டரி எல்லாம் பழையபடி ஆனபின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தடவை ஆன் பண்ணி, இணைப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.