ஜாவா நிரல்மொழியில், திரையில் ஒரு வரியை அச்சிடுவதற்கான 'சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்லன்' என்ற கட்டளையை ஒவ்வொரு முறையும் முழுவதுமாகத் தட்டச்சு செய்வதைத் தவிர்க்க முடியுமா?

முடியும். நிரலையே மாற்றாமல் எடிட்டரின் (நிரல் எழுதப் பயன்படும் மென்பொருளின்) உதவியைப் பெறுவதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். இன்டெலிஜே ஐடியா என்ற எடிட்டரில் 'எஸ்ஓயுடி' (sout) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினாலும், எக்லிப்ஸ் என்ற எடிட்டரில் 'சிஸ்அவுட்' (sysout) என்று எழுதிக் கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினாலும் முழு வரியும் தானாக விரிந்துவிடும். படிப்பவருக்கு வழக்கமான ஜாவா நிரலே கிடைக்கும்.

நிரலிலேயே சுருக்க விரும்பினால், ஜாவா 5 முதல் உள்ள ஸ்டாட்டிக் இம்போர்ட் வசதியை (ஒரு வகுப்பின் ஸ்டாட்டிக் உறுப்பை வகுப்பின் பெயரின்றியே பயன்படுத்த உதவுவது) கொண்டு 'ஜாவா.லேங்.சிஸ்டம்.அவுட்' என்பதை இறக்குமதி செய்து, 'அவுட்.பிரிண்ட்லன்' என்று மட்டும் எழுதலாம். 'பிரிண்ட்லன்' என்பதை மட்டும் அவ்வாறு இறக்குமதி செய்ய இயலாது. ஏனெனில் அது ஸ்டாட்டிக் மெத்தட் (பொருள் எதுவும் இன்றி வகுப்பின் வழியாகவே அழைக்கப்படும் செயல்பாடு) அன்று, பிரிண்ட்ஸ்ட்ரீம் வகுப்பைச் சேர்ந்த ஒரு பொருளின் வழியாக அழைக்கப்படுவது.

'பி' என்ற பெயரில் சொந்தமாக ஒரு மெத்தட் எழுதிக்கொள்வோரும் உண்டு. அதில் கவனம் தேவை. அதன் அளவுருவை (அது பெற்றுக்கொள்ளும் மதிப்பை) 'ஆப்ஜெக்ட்' என்ற பொதுவான வகையாக மட்டும் அறிவித்துவிட்டு ஒரு கேரக்டர் அரேயை (எழுத்துகளின் வரிசையை) அனுப்பினால், எழுத்துகளுக்குப் பதிலாக அதன் வகையைக் காட்டும் குறியும் ஹாஷ் எனப்படும் ஓர் எண்ணும் அச்சாகும். அசல் பிரிண்ட்லனில் கேரக்டர் அரேக்கென்றே தனி வடிவம் இருப்பதால் அங்கே இச்சிக்கல் எழுவதில்லை. பலர் சேர்ந்து எழுதும் நிரலில் இத்தகைய ஓரெழுத்துப் பெயர்களை நான் ஏற்கமாட்டேன்.

2025 செப்டம்பரில் வெளிவந்த ஜாவா 25-ஐப் பயன்படுத்துவோர், எந்த இறக்குமதியும் இன்றி 'ஐஓ.பிரிண்ட்லன்' என்றே எழுதலாம்.