அவசரப் பிரிவில் குழந்தையின் சார்ட்டில் 'ஸ்கோர் 2' என்று எழுதியிருந்தார்கள். நம்பி நிம்மதியாக இருக்கலாமா?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பியூஸ் ஸ்கோராக இருக்கும். பீடியாட்ரிக் எர்லி வார்னிங் ஸ்கோர் என்பதன் சுருக்கம். அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், தினமும் அந்தக் கட்டங்களை நிரப்புகிறவள். 2 என்பது நல்ல எண்தான். ஆனால் அது எழுதிய அந்த நேரத்துக்கு மட்டுமான எண்.

இங்கிலாந்தின் பிரைட்டனில் உருவாக்கி 2005இல் வெளியிட்ட வடிவத்தில் முக்கியமாக மூன்று விஷயங்கள்: குழந்தை எப்படி இருக்கிறது, இரத்த ஓட்டம், மூச்சு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, எண் ஏற ஏற நிலைமை மோசம். சாதாரணமாகத் தூங்கினாலே 1 போட்டுவிட வேண்டும்! அதனால் 2 என்றதும் பதறவும் வேண்டாம்.

அதேபோல, வீறிட்டு அழும் குழந்தைக்கு எடுக்கிற நாடித்துடிப்பை நான் நம்புவதில்லை. காய்ச்சலும் துடிப்பை ஏற்றிவிடும். அம்மா மடியில் சமாதானமான பிறகு, சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினால்தான் கணக்கு.

பலரும் ஏமாறுகிற இடமும் அந்த மூச்சுதான். நிமிடத்துக்கு 64 முறை இளைத்துக்கொண்டிருந்த கைக்குழந்தைக்குத் திடீரென்று மூச்சு 20க்கு இறங்கும். "சிஸ்டர், இப்போ பரவாயில்ல, இளைப்பு நின்னுடுச்சு" என்பார் அம்மா. விலா உள்ளே இழுத்தபடியே, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல் சத்தத்தோடு எண்ணிக்கை குறைகிறது என்றால் குழந்தை களைத்துப்போய்விட்டது என்று பொருள். ஸ்கோரில் அதற்குத்தான் முழு 3. இந்த ஒரு வரிக்காகவே அந்தத் தாளை எனக்குப் பிடிக்கும்.

டெங்குவில் வேறு மாதிரி. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டம் வரும். ஷாக்கில், அதாவது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத நிலையில், இருக்கும் குழந்தைகூடத் தெளிவாகப் பேசும், தண்ணீர் கேட்கும். 'குழந்தை எப்படி இருக்கிறது' என்ற பகுதியில் 0தான் விழும். பிபி 100/80 இருக்கும். மேல் எண்ணைப் பார்த்தால் குறை தெரியாது, ஆனால் இரண்டுக்கும் நடுவே வெறும் 20தான் இடைவெளி. அந்த இடைவெளிக்கு பிரைட்டன் ஸ்கோரில் கட்டமே கிடையாது. காலைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும். தொடாமல் எழுதுகிற ஸ்கோரால் என்ன பயன்?

அப்படியானால் எதற்கு இது? ராத்திரி டியூட்டி டாக்டரிடம் போனில் "பாப்பா டல்லா இருக்கு சார்" என்பதைவிட, "ஒரு மணி நேரத்துல 2லேர்ந்து 5 ஆயிருக்கு சார்" என்றால் உடனே வருவார். புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு அது பெரிய தைரியம். மற்றபடி ஸ்கோர் போட்டாலே உயிர் பிழைத்துவிடும் என்றில்லை. இதே வகையில் வேறொரு ஸ்கோரை 21 மருத்துவமனைகளின் வார்டுகளில் சோதித்து 2018இல் வந்த ஆய்வில் இறப்பு குறையவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது, "அடுத்து எப்போ பார்ப்பீங்க?" என்பதைத்தான். நடுவில் குழந்தை வழக்கம்போல் இல்லை என்று தோன்றினால் அதுவரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். இங்கிலாந்தில் 2023 நவம்பரில் வெளியிட்ட தேசிய சார்ட்டில் பெற்றோரின் கவலையைக் கேட்டு எழுதவே தனி இடம் உண்டு. உங்கள் சார்ட்டில் அது இல்லையென்றாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள், சிஸ்டர் முகம் சுளித்தாலும் சரி.