உங்கள் பின்னேரம் விடியற்காலையில் இருக்கிறது

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 29. திருகோணமலை உவர்மலையில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். லண்டன் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்கினால் இரவு பத்து மணிக்குத்தான் முடியும். பிறகு தனியச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் போனோடு சாய்ந்தால், யூடியூப், பேஸ்புக், இடையிடையே மூன்று நிமிட ஒன்லைன் செஸ் என்று மூன்று மணியாகிவிடும். எழும்பப் பதினொன்று. குளித்துச் சாப்பிட்டால் திரும்பவும் வேலை. ஆசைப்பட்டு வாங்கிய கமரா, கித்தார், நானே பூட்டலாம் என்று துண்டு துண்டாக எடுப்பித்த கணினிக் கீபோர்ட் எல்லாம் அலுமாரிக்குள் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி நூற்றுக்கணக்கான வீடியோ பார்த்திருக்கிறேன், கையில் எடுத்தது குறைவு. கண் எரிகிறது, கழுத்து நோகிறது. ஓய்வுபெற்ற அப்பா தினமும் விடிய டச்பே கடற்கரைப் பக்கம் நடக்கப் போவார். முன்பு என்னையும் கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவதில்லை. எனக்கு ஏற்ற பொழுதுபோக்கு எது? போனை எப்படி விடுவது?
பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்: அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். போனைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. மத்தியானம் ஒன்றரை வரை உங்களுக்கு வேலை இல்லை.

கச்சேரியிலோ வங்கியிலோ வேலை செய்கிறவருக்கு ஓய்வு பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வருகிறது. உங்களுக்கு அது விடியற்காலையில் வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் நித்திரை. பிறகு இரவு பத்து மணிக்கு, எட்டரை மணித்தியாலம் திரையைப் பார்த்துக் களைத்த மூளையிடம் போய் "இனி உன்னுடைய நேரம்" என்கிறீர்கள். களைத்த மூளை கித்தாரை எடுக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் எது கிடக்கிறதோ அதைத்தான் எடுக்கும்.

இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. நாள் முழுக்க மற்றவருக்கு உழைத்த மனம், எனக்கென்றும் கொஞ்சம் வேண்டும் என்று நித்திரையிலிருந்து களவெடுக்கிறது. சீன மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. 'பழிவாங்க விழித்திருத்தல்' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் அந்தப் பழி வந்து விழுவது மறுநாள் காலையின் மேல்தான்.

இரண்டு மணிக்கூட்டுக்கு நடுவில் வாழ்வது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். 1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாட்டு நேரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி திரும்பினோம். நடுவில் பத்து வருடமும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுத்தான் ஒருவரை ஒருவர் சந்திக்க முடிந்தது. நீங்கள் இப்போது ஊர் நேரத்தில் உறங்காமல், லண்டன் நேரத்திலும் உறங்காமல், இரண்டுக்கும் வெளியே நிற்கிறீர்கள். உங்களுக்கு மூன்று மணி என்றால் லண்டனிலும் இரவு பத்தரை. உங்களோடு வேலை செய்கிறவர்கள்கூட அந்த நேரத்தில் படுக்க ஆயத்தமாகியிருப்பார்கள்.

திருக்கடலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். இரவு கடலுக்குப் போனவர்கள் விடியக் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, வலையைச் சரிபார்த்துவிட்டு, நாலு பேரோடு தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். இரவில் உழைக்கிறவர்கள் தங்களுக்கான பொழுது எது என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு பொழுது இருக்கிறது, அதில் நீங்கள் இல்லை என்பதுதான் குறை.

இனிப் போனுக்கு வருவோம். கீழே கீழே உருட்ட முடிவே வராத பக்கத்தை 2006 இல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின் என்பவர். அதைச் செய்ததற்காகப் பிறகு வெளிப்படையாகவே வருந்தினார். நீங்களும் மென்பொருள் எழுதுகிறவர், ஆகையால் இதன் சூட்சுமம் உங்களுக்கு என்னைவிட நன்றாக விளங்கும். அடுத்து வருவது நல்லதாக இருக்குமா, வெறும் குப்பையாக இருக்குமா என்று தெரியாதபோதுதான் கை நிற்காமல் உருட்டும். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். எப்போது தீனி விழும் என்று தெரியாத புறா, ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது.

தூண்டில் போடுவதும் அப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், அடுத்த வீச்சில் விளைமீன் வருமா, பாசி வருமா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வெயில் ஏறினால் தங்கூசியைச் சுருட்டியே ஆக வேண்டும். இரை தீரும், கை ஓயும், பசிக்கும். கடல் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். போன் அனுப்பாது. ஒரு பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அது தானாக முடிகிற ஒன்றாக இருக்க வேண்டும்.

செஸ் விளையாடுவதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன், அது அருமையான விளையாட்டு. ஆனால் இரவு ஒரு மணிக்கு மூன்று நிமிட ஆட்டத்தில் தோற்றுவிட்டு, தோற்றதை மீட்க இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று போவது உங்களுக்கே பிடித்திருக்காது. லைசெஸ் தளத்தில் ஒரு நகர்த்தலுக்கு நாட்கணக்கில் அவகாசம் தரும் ஆட்டம் இருக்கிறது. இரவில் அதில் ஒரே ஒரு காயை நகர்த்திவிட்டு மூடிவிடலாம். அதைவிட நல்லது, அயலில் ஒரு பொடியனைப் பிடித்து ஞாயிறு காலையில் பலகையில் விளையாடப் பழக்குவது. உங்கள் வரவுக்காக ஒருவர் காய்களை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்றால், படுக்கையிலிருந்து எழும்ப அலாரம் தேவைப்படாது.

இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தனியச் சாப்பிடாதீர்கள். இங்கே எட்டு மணி என்றால் கோடையில் லண்டனில் பின்னேரம் மூன்றரை, அவர்கள் தேநீர் குடிக்கிற நேரம். அந்த அரை மணித்தியாலத்தை ரீமுக்குச் சொல்லி நாட்காட்டியில் மறித்து வைத்துவிட்டு, அம்மா அப்பாவோடு இருந்து சாப்பிடுங்கள். பத்து மணிக்கு லப்டொப்பை மூடும்போது, நாளைக்கு முதலில் செய்ய வேண்டியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அதன் மேல் வையுங்கள். முடியாத வேலை தலைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதால்தான் பல பேர் போனுக்குள் போய் ஒளிக்கிறார்கள். போன் விறாந்தையில் சார்ஜ் ஆகட்டும். எழுப்புவதற்கு ஒரு சாதாரண மணிக்கூடு வாங்குங்கள். போனைப் பற்றி நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். அதை எதிரியாக்கிச் சண்டைக்கு நிற்க வேண்டாம்.

படுக்கிற நேரத்தைப் பிடித்து இழுத்தால் நித்திரை வராது. எழும்புகிற நேரத்தைப் பிடியுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் மணிக்கூடு முன்னே நகரும், இரவில் திரை வெளிச்சம் பட்டால் பின்னே தள்ளிப்போகும். இதை உடல் தானாகவே செய்கிறது, மன உறுதிக்கு இதில் பெரிய வேலையில்லை. ஒரு சனிக்கிழமையில் தொடங்குங்கள். முதல் சில நாள் தலை பாரமாக இருக்கும், வேலை தொடங்குமுன் அரை மணித்தியாலம் கண்ணயரலாம். போகப் போகப் பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழும்பினால் ஏழு மணித்தியால நித்திரை முழுதாகக் கிடைக்கும்.

கண் எரிவதற்கு ஒரு காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் வழக்கத்தைவிடக் குறைவாக இமைப்பது. 20 நிமிடத்துக்கு ஒருதரம் 20 அடி தூரத்தில் இருக்கும் ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். உவர்மலையில் இருக்கிற உங்களுக்கு 20 அடி என்ன, யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் வரை கண் ஓடும். மேசையைச் சுவர்ப் பக்கம் போட்டிருந்தால் திருப்பிப் போடுங்கள். எரிச்சல் ஒரு மாதத்துக்குப் பிறகும் குறையாவிட்டால் கண் வைத்தியரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். கழுத்துக்குத் திரை கண் மட்டத்துக்கு வர வேண்டும். நாலு தடித்த புத்தகங்கள் போதும்.

எது பொழுதுபோக்கு என்றுதானே கேட்டீர்கள்? புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். அலுமாரிக்குள் இருப்பதில் கமராவை மட்டும் வெளியே எடுங்கள். மற்றவை இருக்கட்டும், மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் மூன்றும் திரும்ப அலுமாரிக்குத்தான் போகும்.

ஏன் கமரா என்று சொல்கிறேன். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டினால் விடியலில் மான்கள் றோட்டிலேயே நிற்கும். கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற வழியெல்லாம் காலை வெளிச்சம் கிழக்கிலிருந்து நேராக விழும். மார்ச் தொடங்கி ஓகஸ்ட் வரை எங்கள் கடலில் நீலத்திமிங்கலம் வருகிறது. கரைக்கு மிகக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால், கோவில் நிற்கும் சுவாமி மலையில் நின்றபடியே திமிங்கலத்தின் நீர்வீச்சைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். உலகத்தில் எத்தனை ஊரில் ஒரு மனிதன் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் இதற்காகக் காத்து நிற்கலாம்? நீங்கள் யூடியூப்பில் நோர்வேக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அந்த நாட்டுக்காரர் இதைப் பார்க்கப் பயணச்சீட்டு எடுத்து இங்கே வந்து நிலாவெளியில் தங்குகிறார்.

ஆர்தர் சி. கிளார்க்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர். அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறியதற்குக் கடலுக்குள் சுழியோடும் ஆசை முக்கிய காரணம். சுவாமி மலையடியில், நீருக்குள் கிடந்த பழைய கோணேசர் கோவிலின் சிதைவுகளை அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கண்டார்கள். உங்கள் துறைக்குக் கனவு கண்டுகொடுத்தவர்களில் ஒருவர், இந்தத் தீவின் கடலுக்குள் இறங்கும் ஆசையில் கண்டம் தாண்டி வந்து, உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் கடலிலும் இறங்கியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். உங்களுக்கும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டனில் மணிக்கூட்டைப் பின்னே திருப்புவார்கள். உங்கள் வேலை இரண்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியும். எங்களுக்கும் மாரி அப்போதுதான் பிடிக்கும். வாடைக்காற்றும் மழையும் கடற்கரைக்குப் போக விடாது, புறாத்தீவுக்குப் படகும் ஓடாது. அந்த மாதங்களில் ஏழு மணிக்கு எழும்பினால் போதும். கீபோர்ட்டைப் பூட்டுவதற்கு அதுதான் காலம். இன்னொரு வேலையும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் பழைய பாடசாலை மலரோ, கும்பாபிஷேக மலரோ, அப்பப்பா காலத்து நோட்டீசோ இருக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற மின்நூலகம் ஈழத்து எழுத்துகளை வருடக்கணக்காகச் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. எரிந்ததும் அள்ளுண்டு போனதும் போக எங்களிடம் மிஞ்சியிருப்பது கொஞ்சம். அதைப் படம் எடுத்து அவர்களுக்குக் கொடுக்க, கணினி தெரிந்த ஒரு பிள்ளையின் மழைக்காலக் காலைகள் மிகவும் பயன்படும். கோடையில் எடுக்கிற மான், பறவைப் படங்களை விக்கிமீடியா கொமன்சில் போடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இணையத்தை விட்டு ஓடச் சொல்லவில்லை, தம்பி. இவ்வளவு காலமும் அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், அதன் பின் அதே திரை வேறு மாதிரித் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்திய வரி கண் எரிச்சலோ கழுத்து நோவோ இல்லை. அப்பா இப்போது கூப்பிடுவதில்லை என்று எழுதினீர்களே, அதுதான். அவர் கோபத்தில் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவெல்லாம் உங்கள் அறையில் வெளிச்சம் எரிவதைப் பார்த்திருப்பார். பிள்ளை களைத்துப்போய்ப் படுக்கிறான், எழுப்பக்கூடாது என்று செருப்புச் சத்தம் கேட்காமல் வெளிக்கிட்டுப் போயிருப்பார். டச்பேயில் நானும் காலையில் நடப்பதுண்டு. தனியே நடக்கும் அப்பாமார் பலரை அங்கே பார்க்கிறேன், அவர்களில் ஒருவர் உங்கள் அப்பாவாக இருக்கலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவரிடம் சொல்லுங்கள்: "அப்பா, விடிய என்னையும் எழுப்புங்கோ." படுக்குமுன் கமரா பற்றரியைச் சார்ஜில் போட மறக்க வேண்டாம்.