குலசேகரத்தில் மழை கொட்டும்போது கன்னியாகுமரியில் வெயில் அடிப்பது ஏன்? பருவநிலை மாற்றம் நம் குமரி மாவட்டத்தில் எதை மாற்றுகிறது?

முதல் கேள்விக்கு மலையும் கணவாயுமே பதில். இரண்டாவதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளத்தை மண் போட்டு மூடியதால் வந்த வெள்ளத்துக்கும் பருவநிலை மாற்றத்தையே காரணம் சொல்லிவிட்டால், சரிசெய்யக்கூடியதைக்கூடச் சரிசெய்யாமல் விட்டுவிடுவோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேகம் திரளும்வரை 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி குளிரும். திரண்ட பிறகு அரை டிகிரி அளவுக்குத்தான் குளிரும். ஈரத்தைப் பேச்சிப்பாறை, பாலமோர், கோதையாறு பக்கம் மழையாக இறக்கிவிட்டு மறுபுறம் சரியும்போது 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் சூடேறும். 28 டிகிரியில் கிளம்பிய காற்று 1500 மீட்டர் ஏறி ஈரத்தை இழந்து இறங்கினால் 32, 33 டிகிரி வறண்ட காற்றாகிவிடும். பணகுடி, வள்ளியூர் பக்கத்து ஆடி வெக்கைக்கு இதுதான் காரணம்.

கன்னியாகுமரி ஊர் இருக்கும் அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் கணக்கு வேறு. அங்கே காற்றைத் தூக்கிவிட மலைத்தொடரே கிடையாது. மருந்துவாழ் மலை போன்ற தனிக்குன்றைக் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். மேலே ஏறாத காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் பெரிதாக மழை தராது. அதனால்தான் கொட்டாரம், மயிலாடி மழைமானிகளில் தூறல் கணக்கு பதிவாகும் நாளில் பாலமோரில் கனமழை பதிவாகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நடப்பது இன்னொன்று. கிழக்கே திருநெல்வேலிச் சமவெளி வெயிலில் காய்ந்து காற்றை உள்ளே இழுக்கிறது. இரண்டு பக்கமும் மலை நெருக்குவதால் இடைவெளியில் வேகம் கூடுகிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். நொடிக்கு 5 மீட்டர் வேகம் 7 ஆனாலே ஆற்றல் சுமார் 2.7 மடங்காகிவிடும். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தென்மேற்கும் வடகிழக்கும் ஏறக்குறைய சமமாகக் கைகொடுக்கும் மாவட்டம் இது. இங்குள்ள இரண்டு நெல் பருவங்களில் கன்னிப்பூ முதல் மழையையும் கும்பப்பூ இரண்டாவது மழையையும் நம்பியவை. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மெலிவதும் வடகிழக்கு வலுப்பதும் பொதுவான போக்கு. அப்படிப்பட்ட ஆண்டில் கன்னிப்பூவுக்குத் தண்ணீர் நெருக்கடி வரலாம். கும்பப்பூவை நல்ல மழை காப்பாற்றலாம். ஆண்டு மொத்த மழை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

இனி பருவநிலை மாற்றம். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது அடித்துப் பெய்கிறது, நடுவில் வெறும் நாட்கள் நீள்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் மேலிருந்த ஒரு சுழற்சி தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அந்த ஒரு நிகழ்வுக்குப் பருவநிலை மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு எல் நினோவும் இருந்தது. ஆனால் கடலும் காற்றும் சூடாகியிருப்பது அப்படிப்பட்ட மழையின் அளவைக் கூட்டுகிறது.

புயலும் அப்படியே. நிலநடுக்கோட்டுக்கு அருகே, 5 டிகிரிக்குள், பூமியின் சுழற்சி விசை போதாததால் புயல் உருவாவது அரிது. நாம் 8 டிகிரியில் இருக்கிறோம், விளிம்பில்தான். 2017 நவம்பர் 29 காலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் ஒக்கி புயலாகிவிட்டது. ஒரே நாள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி மீனவர்கள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். சூடான கடல் புயலை விரைவில் வலுவாக்கும். ஆழ்கடல் படகுக்கு எச்சரிக்கை எட்டும் வழி இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல முன்னறிவிப்பும் பயன்படாது.

கள்ளக்கடல் வேறு வகை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று கிளப்பிய நீண்ட அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படித்தான். கடல்மட்டம் உயர உயர அதே அலை இன்னும் உள்ளே ஏறும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் வானத்தைப் பார்த்துக் கடலில் இறங்கக் கூடாது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

தோட்டத்தில் சேதம் செய்வது மழையின் அளவைவிட அது வரும் நேரம். ரப்பரில் தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன் போர்டோ கலவை என்ற பூஞ்சணக்கொல்லியை அடித்து முடித்தால்தான் மழைக்கால இலை உதிர்வு நோய் கட்டுப்படும். மே மாத மழை முன்கூட்டியே வலுத்தால் அடிக்க நாளே கிடைக்காது. 1 சதவீதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல. தீட்டிய கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படிகிறதா? சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். கலவையை அன்றே அடித்துவிட வேண்டும்.

ரப்பர் பால்வெட்டுக்கு ரெயின் கார்டு (வெட்டுக்கு மேலே மழைநீரைத் தடுக்கும் பிளாஸ்டிக் மறைப்பு) கட்டும்போது பட்டையைச் சரியாகச் சுரண்டாமல் தார் பூசினால் அதன் அடியில் நீர் கசியும். பால் சிரட்டையில் தண்ணீர் கலப்பதோடு வெட்டுப்பட்டையும் அழுகும். மாறாமலை, வேளிமலைக் கிராம்புக்கோ நேர்மாறான பிரச்சினை: மொட்டு பிடிக்க வறண்ட இடைவெளி வேண்டும், அப்போது மழை பெய்தால் மொட்டுக்குப் பதில் தளிர் விடும்.

மழையின் மேல் பழி போடக் கூடாதவையும் உண்டு. வயலை மனையாக்குவது, குளத்தைத் தூர்ப்பது, கால்வாய் மதகை அடைப்பது. 1 ஏக்கரில் 50 மி.மீ. மழை என்றால் சுமார் 2 லட்சம் லிட்டர். வயல் வரப்புக்குள் நின்ற அந்தத் தண்ணீர் இப்போது தெருவுக்கு வருகிறது. கடலரிப்பிலும், ஓர் ஊருக்குப் போட்ட தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) மணலைத் தடுத்து அடுத்த ஊரை அரிக்க விடுகிறது.

உங்கள் ஊர் மழை உண்மையில் மாறியிருக்கிறதா என்று பார்க்க நீங்களே அளக்கலாம். 2 லிட்டர் பாட்டிலைத் தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்து வையுங்கள். அடி வளைவாக இருப்பதால் சுவர் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அதையே பூஜ்யமாகக் கொண்டு அளவுகோலை ஒட்டுங்கள். மாடியில் வைத்தால் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போய்க் குறைவாகக் காட்டும். கொட்டாரம் பக்கம் ஆடிக் காற்றில் இது நிச்சயம். தரையில், மரத்தின் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு எடுங்கள். 1 சென்ட்டில் 1 மி.மீ. மழை என்றால் 40 லிட்டர். 2.5 மி.மீ. தொட்டால் மழை நாள்; 64.5-லிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஒவ்வொரு பருவத்துக்கும் மழை நாள் எண்ணிக்கை, ஒரே நாளின் அதிகபட்ச மழை, மழையில்லா நீண்ட இடைவெளி, இந்த மூன்றையும் தனித்தனியே எழுதி, பக்கத்து அரசு மழைமானியின் 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.