வாசகர் கேள்வி: வார்டில் துணியா, பெம்பர்ஸா?

கேள்வி: மகளுக்கு 34ஆம் வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பேரன் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் இருக்கிறான். அலமாரியிலிருந்த பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்துக் கொண்டுபோனேன். துணி வேண்டாம், பெம்பர்ஸ் வாங்கி வாருங்கள் என்று தாதி திருப்பிக் கொடுத்துவிட்டார். பெம்பர்ஸ் போட்டால் புண் வராதா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: துணியில் கசியும் மலம் விரிப்பில் இறங்கும், அம்மா. அந்த விரிப்பைத் தொட்ட கை அடுத்த தொட்டிலுக்கும் போகும். கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள் இந்த வார்டுகளில் பரவுவது பெரும்பாலும் கை வழியாகத்தான். பெம்பர்ஸ் மலத்தை உள்ளேயே அடக்கும்; சுருட்டி எறிந்துவிடலாம். நனைந்ததன் எடையிலிருந்து காய்ந்ததன் எடையைக் கழித்து, 1 கிராமுக்கு 1 மில்லி என்று சிறுநீரையும் கணக்கிடுவார்கள். அதனால் தாதியைக் கேட்காமல் எறியாதீர்கள்.

புண்ணுக்குக் காரணம் நேரத்துக்கு மாற்றாததுதான். மலக் கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக்கும். தோலின் அமிலத்தன்மை குறைந்து, மலத்திலுள்ள செரிமான நொதிகள் தோலை அரிக்கும். மலம் போனால் உடனே மாற்ற வேண்டும். வெறும் சிறுநீர் என்றால் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, பால் கொடுப்பதற்குச் சற்று முன் மாற்றலாம்.

மகள் மாற்றும்போது முதலில் கையைச் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவட்டும். புதியதை விரித்து வைத்த பிறகே பழையதைத் திறக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட வேண்டும். பவுடர் வேண்டாம், அது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். பலரும் தவறுவது இதற்குப் பிறகுதான்: கழுவாத கையோடு ட்ரிப் குழாயையும் கைப்பேசியையும் தொடுகிறார்கள். முடித்ததும் முதல் வேலை மறுபடி கை கழுவுவது.

வீட்டுக்கு வந்தபின் துணி கட்டலாம். மலத்தை அலசிவிட்டு, 60 டிகிரிக்குக் குறையாத சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருந்தீர்களா? அப்படியானால் அந்த வேட்டி வேண்டவே வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலின் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். இங்கு மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் அந்தச் சோதனை செய்கிறார்கள். பேரனின் முடிவைக் கேட்டு வையுங்கள்.

கேள்வி: சிங்க் கிரீம் தடவியும் குழந்தைக்குப் பெம்பர்ஸ் போடும் இடத்தில் வந்த புண் ஆறவில்லையே?
- வாசகர், தாப்பா

பதில்: தொடை மடிப்புக்குள்ளும் சிவந்து, ஓரத்தில் சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது காளான் தொற்றாக இருக்கலாம். அதற்குக் காளானைக் கொல்லும் மருந்து வேண்டும். கிளினிக்கில் காட்டுங்கள். காய்ச்சலோ சீழோ இருந்தால், பால் குடிக்க மறுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.