கொடியை மாற்றினால் கப்பலின் கறை போகுமா?

கேள்வி: சூரை பிடிக்க 28 மீட்டர் நீளமுள்ள பழைய ஆயிரங்கால் தூண்டில் கப்பல் (நீண்ட கயிற்றில் பல தூண்டில்களைக் கட்டி மீன் பிடிப்பது) ஒன்று மலிவாக வருகிறது. அது, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு மீன்வள ஆணையத்தின் கறுப்புப் பட்டியலில், அதாவது சட்டவிரோதமாக மீன் பிடித்த கப்பல்களின் பட்டியலில், இருக்கிறதாம். "எந்த ஆணையத்திலும் சேராத நாட்டின் கொடியில் பதிந்து, பெயரை மாற்றினால் பழசெல்லாம் போய்விடும், ஆழ்கடல் யாருக்கும் சொந்தமில்லை" என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: தரகரை நம்பி ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் எந்த நாட்டுக்கும் தனி உரிமை இல்லை என்பது சரிதான். ஆனால் சூரை பல நாட்டுக் கடல்களைக் கடந்து திரியும் மீன். ஒரு நாடு மட்டும் கட்டுப்பாடு வைத்து அதைக் காக்க முடியாது. அதற்காகத்தான் 1995-இல் ஐ.நா. மீன்வள உடன்படிக்கை உருவாகி, 2001-இல் அமலுக்கு வந்தது. ஒரு கடல் வட்டாரத்துக்கு மீன்வள ஆணையம் இருந்தால், அதன் உறுப்பு நாடுகளும், அதன் விதிகளை ஏற்று நடக்கும் நாடுகளும் மட்டுமே அங்கே மீன் பிடிக்கலாம் என்கிறது உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு. தரகர் சலுகையாகக் காட்டும் கொடியே உங்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

பெயரை எத்தனை முறை மாற்றினாலும் ஐ.எம்.ஓ. எண், அதாவது சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டப்படி கப்பலுக்குத் தரப்படும் அடையாள எண், மாறாது. கப்பலை உடைக்கும் வரை அதே ஏழு இலக்கம்தான். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். விடையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். உதாரணமாக 1234567: 7+12+15+16+15+12 = 77, பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எண் தவறு. பொருந்தினாலும் வேறு கப்பலின் எண்ணாக இருக்கலாம். கட்டிய ஆண்டையும் நீளத்தையும் பழைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு அந்த எண்ணை வைத்து எல்லா ஆணையங்களின் பட்டியல்களிலும் தேடுங்கள். அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தரகர் நீட்டும் "தடையில்லாச் சான்று" வெறும் காகிதம்.

பட்டியலில் உள்ள கப்பலுக்கு, 2016-இல் அமலுக்கு வந்த துறைமுக நாட்டு நடவடிக்கை உடன்படிக்கையின்படி, அதில் சேர்ந்த நாடுகளின் துறைமுகங்களில் மீன் இறக்கவோ டீசல் நிரப்பவோ பழுதுபார்க்கவோ இடம் கிடைக்காது.

பட்டியலிலிருந்து கப்பலின் பெயரை நீக்க ஒரு வழி உண்டு: உண்மையான கைமாற்றம். பழைய உரிமையாளருக்குச் சட்டப்படியோ, பணத்திலோ, லாபத்திலோ, கட்டுப்பாட்டிலோ இனி எள்ளளவும் பங்கில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். "பாதியை இப்போது கொடுங்கள், மீதியைப் பிடிபடும் மீனிலிருந்து தவணையாகத் தாருங்கள்" என்பார் விற்பவர். அதைப் பண வகைத் தொடர்பாகத்தான் பார்ப்பார்கள். மீதித் தொகைக்காகக் கப்பலை அவரிடமே அடமானம் வைப்பதும் அப்படியே. பழைய கேப்டனையே வைத்துக்கொள்வது, பிடிக்கும் மீனை, கப்பலை விற்றவரின் நிறுவனத்துக்கே கொடுக்க ஒப்புக்கொள்வது, இரு நிறுவனங்களுக்கும் ஒரே முகவரி இருப்பது எல்லாமே சந்தேகத்தைக் கிளப்பும். முழுத் தொகையையும் வங்கி வழியே ஒரே தடவையில் கொடுங்கள். விற்பனைப் பத்திரம், வங்கி ரசீது, பழைய பதிவேட்டிலிருந்து நீக்கிய சான்று, உங்கள் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் விவரம் ஆகியவை கையில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் நீங்களே ஆணையத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. கொடி நாடு (கப்பலைப் பதிந்த நாடு) எழுத வேண்டும், உறுப்பு நாடுகள் ஒப்ப வேண்டும். ஆண்டுக் கூட்டத்தைத் தவறவிட்டால் கப்பல் அடுத்த கூட்டம் வரை துருப்பிடித்து நிற்கும் நிலைகூட வரலாம். மற்ற ஆணையங்கள் கப்பலின் பெயரைத் தங்கள் பட்டியலிலும் எடுத்து எழுதியிருந்தால் அங்கும் தனித்தனியே போராட வேண்டும். மீன் திருடியவனுக்கும் நேர்மையாக வாங்கியவருக்கும் ஒரே வரிசை என்பது என்ன நியாயம்? வாங்குபவர் நேரடியாகக் கேட்க ஒரு சாளரம் திறக்க இத்தனை நாடுகளுக்கு மனமில்லை.

பெயர் நீங்கினாலும் மீன்பிடி உரிமை தானாக வராது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் எல்லையில், 24 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கப்பலை அங்கீகரிக்கப்பட்ட பதிவேட்டில் கொடி நாடு சேர்த்திருக்க வேண்டும். கொடி தருவது கப்பல் பதிவு அலுவலகம், மீன்பிடி அனுமதி தருவது பெரும்பாலும் மீன்வளத் துறை. தரகர் முதலாவதை வாங்கித் தந்து கமிஷனோடு நழுவுவார். மீன்வளத் துறையிடம் ஐ.எம்.ஓ. எண்ணைக் குறிப்பிட்டு, "இந்தக் கப்பலுக்கு அனுமதி தருவீர்களா, பட்டியல் நீக்கத்துக்கு எழுதுவீர்களா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.